அறிவிக்கப்படாத மரணங்கள்: பெருந்தொற்றும் அறிவுசார் குறைபாடுடைய மக்களும்

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால்.



மதீனாவின் பள்ளிவாசலைப் பெருக்கித் துப்புரவு செய்துவந்த எளிய கறுப்பினப் பெண்மணி ஒருவரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி நம்மில் பலர் அறிந்ததே. ஓர் இரவு அப்பெண்மணி இறந்துபோனார். தோழர்கள் அவரை அவ்விரவிலேயே அடக்கம் செய்துவிட்டனர். சில நாட்களாக அவரைக் காணாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தபோதுதான் செய்தி தெரியவந்தது. தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று அண்ணலார் வினவினார்கள். அந்தப் பெண்மணியின் விஷயத்தைத் தோழர்கள் சிறியதாகக் கருதிவிட்டனர் போலும் என்று அறிவிப்பாளர் குறிப்பிடுகிறார். அண்ணலார் அவருடைய கப்று எங்கே எனக் கேட்டு, அங்கே சென்று, அவருக்காகத் தொழுகை நடத்தினார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பள்ளிவாசல் பணியின் சிறப்புக்குச் சான்றாக நாம் எடுத்துரைப்பது வழக்கம். அதில் வேறொரு பாடமும் அடங்கியிருக்கிறது. ஒரு சமூகத்தில் யாருடைய மரணம் அறிவிக்கப்படாமல் போகிறது என்பதைக் கொண்டே, அச்சமூகம் யாரைச் சிறியவராகக் கருதுகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். அண்மைக்கால வரலாற்றில் இப்பாடத்தை உலகுக்கு மீண்டும் உணர்த்திய நிகழ்வு ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றில் அறிவுசார் குறைபாடுடைய மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அதை ஆய்வாளர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். இவ்வரலாறு மிக விரிவாகப் பதிவான நாடு இங்கிலாந்து. ஆகவே அந்நாட்டையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். அறிவுசார் குறைபாடு என்பது மனநோய் அன்று. மனநோய் எவருக்கும் எவ்வயதிலும் வரலாம். மருந்தால் தணியவும் செய்யலாம். அறிவுசார் குறைபாடோ பிறவியிலோ இளம் பருவத்திலோ தொடங்கி, கற்றல், புரிந்துகொள்ளல், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளல் ஆகியவற்றில் வாழ்நாள் முழுதும் நீடிப்பது. டவுன் நோய்க்குறியுடன் பிறப்போர் இவ்வகையினருள் பலராலும் எளிதில் அறியப்படுவோர். நம் ஊர்களில் இவ்விரண்டையும் குழப்பி, ஒரே இழிசொல்லால் அழைக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை.

பெருந்தொற்றுக்கு முந்தைய வரலாறு

கொரோனா புதிதாக ஓர் அநீதியைப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததையே அது வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனில் அறிவுசார் குறைபாடுடையோர் ஊருக்கு வெளியே இருந்த பெரிய மருத்துவமனைகளில் அடைத்து வைக்கப்பட்டனர். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலிருந்த ஈலி மருத்துவமனையில் நோயாளர்கள் கொடுமைப்படுத்தப்படுவதாக 1967இல் ஒரு செய்தித்தாள் வெளிப்படுத்தியது. அதன்மேல் நடந்த விசாரணையின் அறிக்கை 1969இல் வெளியாயிற்று. 1971இல் அரசு ஒரு வெள்ளை அறிக்கையின் வாயிலாக, இம்மக்கள் சமூகத்தின் நடுவில் வாழ வழிசெய்யப்படும் என உறுதியளித்தது. படிப்படியாக அப்பெரிய மருத்துவமனைகள் மூடப்பட்டன.

சுவர்கள் இடிந்தாலும் மனப்பான்மை முற்றிலும் மாறிவிடவில்லை. 2007இல் மென்கேப் என்னும் தொண்டு நிறுவனம், மருத்துவமனைகளில் இறந்துபோன அறிவுசார் குறைபாடுடைய ஆறு பேரின் கதைகளை வெளியிட்டு, அவர்களைக் கொன்றது அலட்சியமே என்று குற்றம் சாட்டியது. அதன் விளைவாக அரசு அமைத்த விசாரணை 2008இல் தன் முடிவுகளை அளித்தது. பின்னர் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 2010 முதல் 2012 வரை இறந்த அறிவுசார் குறைபாடுடைய 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். 2013இல் வெளியான அவ்வாய்வின்படி, இக்குறைபாடுடைய ஆண்கள் பிற ஆண்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் பிற பெண்களைவிட 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்தனர். நல்ல மருத்துவம் கிடைத்திருந்தால் இம்மரணங்களில் 37 விழுக்காடு தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் அது கண்டறிந்தது.

இந்த ஆய்வுகளால் இரண்டு நன்மைகள் விளைந்தன. ஒன்று, குடும்ப மருத்துவர் நிலையங்கள் தம்மிடம் வரும் அறிவுசார் குறைபாடுடையோரின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என 2006 முதல் ஊக்குவிக்கப்பட்டிருந்தது. அப்பதிவேட்டின் இன்றியமையாமையைப் பலரும் உணர்ந்தனர். மற்றொன்று, அவர்களுள் நிகழும் மரணங்களை ஆராய்வதற்கென 2015இல் 'லீடர்' என்னும் தேசியத் திட்டம் பிரிஸ்டலில் தொடங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பெருந்தொற்று வந்தபோது, இறந்தோரை எண்ணும் வழி ஒன்றேனும் இருந்ததற்கு இவையே காரணம்.

2020 மார்ச்: யாருக்குப் படுக்கை?

2020 மார்ச் 20ஆம் நாள், இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம், தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரைச் சேர்ப்பது என்பதற்கான வழிகாட்டுதலை அவசரமாக வெளியிட்டது. நோயாளியின் உடல் தளர்ச்சியை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடும் ஓர் அளவுகோலைப் பயன்படுத்துமாறு அது கூறியது. அவ்வளவுகோல் கனடா நாட்டில் முதியோருக்காக உருவாக்கப்பட்டது. அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவியை நாடுபவர் அதில் உயர்ந்த எண்ணைப் பெறுவார். எண் உயர உயர, தீவிர சிகிச்சை அவருக்குப் பயன்படுமா என்ற ஐயமும் உயரும்.

எண்பது வயது முதியவர் ஒருவர் குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் பிறரை நம்பியிருக்கிறார் என்றால், அது அவருடைய உடல் தளர்ந்துவருவதன் அறிகுறியாக இருக்கலாம். முப்பது வயது இளைஞர் ஒருவர் பிறந்த நாள் முதலே அவ்வாறு பிறரை நம்பி, மற்றபடி நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்துவருகிறார் என்றால், அவரையும் அதே அளவுகோலால் அளப்பது எங்ஙனம் பொருந்தும்? குடும்பங்களும் தொண்டு நிறுவனங்களும் இக்கேள்வியை உரத்து எழுப்பின. ஐந்தே நாட்களில், மார்ச் 25 அன்று, நைஸ் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. இளையோருக்கும், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற நிலையான குறைபாடுடையோருக்கும் அந்த அளவுகோலைப் பயன்படுத்தலாகாது என்று தெளிவுபடுத்தியது.

அதே நாட்களில் மற்றொரு புகாரும் எழுந்தது. இதயத் துடிப்பு நின்றால் உயிர்மீட்புச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்னும் குறிப்பு, சில அறிவுசார் குறைபாடுடையோரின் மருத்துவக் கோப்புகளில் அவர்களையோ குடும்பத்தாரையோ கேளாமலேயே இடப்பட்டிருந்தது. அறிவுசார் குறைபாட்டையே அத்தகைய குறிப்புக்குக் காரணமாகக் கொள்ளக் கூடாதென ஏப்ரல் மாதத்தில் தேசிய சுகாதார சேவை மருத்துவர்களுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. பராமரிப்புத் தர ஆணையம் இதை ஆராய்ந்து 2021 மார்ச்சில் அறிக்கை அளித்தது. முதியோர் உள்ளிட்ட அனைவருக்குமான பராமரிப்பு நிலையங்களில் அது திரட்டிய தகவலின்படி, 2020 மார்ச் 17க்குப் பின் இடப்பட்ட இத்தகைய குறிப்புகளுள் 508 குறிப்புகள் உரியவருடனோ அவரைச் சார்ந்தோருடனோ கலந்து பேசாமலே இடப்பட்டவை.

இங்கே மருத்துவர்களை மட்டும் குறைசொல்வது நம் நோக்கமன்று. இரவு பகலாக உழைத்து உயிர்நீத்த மருத்துவர்களும் செவிலியர்களும் அந்நாட்டில் பலர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். ஆயினும் நெருக்கடி வரும்போது, முன்பே மனத்தில் பதிந்திருந்த தரவரிசைதான் கையெழுத்தாக வெளிப்படுகிறது.

எண்கள் சொன்னவை

எண்ணிக்கைகள் மெல்ல மெல்லவே வெளிவந்தன. 2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் பராமரிப்புத் தர ஆணையம் முதல் கணக்கை வெளியிட்டது. பராமரிப்புச் சேவை பெற்றுவந்த அறிவுசார் குறைபாடு அல்லது ஆட்டிசம் உடையோருள், ஏப்ரல் 10 முதல் மே 15 வரை இறந்தோர் 386 பேர். முந்தைய ஆண்டின் அதே காலத்தில் இறந்தோர் 165 பேர் மட்டுமே.

நவம்பரில் இங்கிலாந்துப் பொது நலவாழ்வுத் துறையின் விரிவான ஆய்வு வெளியாயிற்று. முதல் அலையின்போது, மார்ச் 21 முதல் ஜூன் 5 வரை, அறிவுசார் குறைபாடுடையோராகப் பதிவு பெற்றவர்களுள் ஒரு இலட்சம் பேருக்கு 451 பேர் கொரோனாவால் இறந்திருந்தனர். வயதையும் பாலினத்தையும் சமன்செய்து ஒப்பிட்டால், இது பொதுமக்களின் இறப்பு விகிதத்தைப்போல் 4.1 மடங்கு. பதிவாகாத மரணங்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் 6.3 மடங்கு வரை இருக்கலாம் என ஆய்வாளர்கள் கணித்தனர். 18 முதல் 34 வயது வரையான இளையோரிடத்தில் இவ்வேறுபாடு 30 மடங்காக இருந்தது. கொரோனா முதியோரின் நோய் என உலகம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்களின் பிள்ளைகள் இளமையிலேயே போய்க்கொண்டிருந்தனர்.

பிற ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, டவுன் நோய்க்குறியுடைய பெரியவர்கள் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று 2020 அக்டோபரில் அறிவித்தனர். அடுத்த மாதமே இங்கிலாந்தில் அவர்கள் மிக அதிக ஆபத்துக்குள்ளானோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அமெரிக்காவில் 547 மருத்துவ நிறுவனங்களின் 6 கோடியே 40 இலட்சம் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2021 மார்ச்சில் வெளிவந்தது. கொரோனாவால் இறப்பதற்கான காரணிகளுள், வயதை அடுத்து மிக வலுவானது அறிவுசார் குறைபாடே என்று அது கூறியது. இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் அதற்குப் பின்னரே வந்தன.

இவ்வளவு வேறுபாடு எதனால்? உடல் சார்ந்த காரணங்கள் சில உண்டு. இவர்களுள் பலருக்கு வலிப்பு, நீரிழிவு, உடற்பருமன், நுரையீரல் தொற்று, விழுங்குவதில் சிரமம் ஆகியவை முன்பே இருந்தன. வாழிடம் சார்ந்த காரணமும் உண்டு. பலர் கூட்டாக வாழும் இல்லங்களில் இருந்தனர். ஒரே பணியாளர் பல இல்லங்களுக்குச் சென்றுவந்தார். குளிப்பாட்டுபவரும் உணவூட்டுபவரும் ஆறடி தள்ளி நிற்க இயலாது.

இவற்றினும் துயரமான காரணம் ஒன்று உண்டு. மூச்சு முட்டுகிறது என்று சொல்லத் தெரியாதவர் அமைதியிழந்து கத்துவார், உணவை மறுப்பார், தலையில் அடித்துக்கொள்வார். அது அவருடைய குறைபாட்டின் இயல்பு என்று மருத்துவர் எண்ணிவிட்டால், உள்ளிருக்கும் நோய் கவனிக்கப்படாமலே முற்றிவிடும். தாய்க்கு மட்டுமே அந்த அழுகையின் பொருள் தெரியும். தொற்று பரவும் அச்சத்தால் மருத்துவமனைகளில் உடனிருப்போர் தடுக்கப்பட்டபோது, நோயாளியின் மொழிபெயர்ப்பாளரே வாசலில் நிறுத்தப்பட்டார். இத்தகைய நோயாளர்களுடன் ஒருவர் இருக்க அனுமதிக்கும்படி ஏப்ரல் மாதத்தில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்னரே தனியே சென்றவர்கள் இருந்தார்கள்.

பதிவேடு காத்த உயிர்கள்

2020 டிசம்பரில் தடுப்பூசி வந்தபோது, யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுந்தது. டவுன் நோய்க்குறியுடையோரும் கடுமையான அறிவுசார் குறைபாடுடையோரும் முன்னுரிமைப் பட்டியலில் இருந்தனர். மிதமான குறைபாடுடையோர் அதில் இல்லை. குடும்பங்களும் அமைப்புகளும் ஆய்வு முடிவுகளைக் கையிலேந்தி வாதாடின. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அறிவுசார் குறைபாட்டுப் பதிவேட்டில் இருந்தோர் முதல் அலையில் இறக்கும் வாய்ப்பு 8 மடங்கு அதிகமென்று காட்டியது. 2021 பிப்ரவரி 24 அன்று, குடும்ப மருத்துவர்களின் பதிவேட்டில் பெயருள்ள அனைவருக்கும் தடுப்பூசியில் முன்னுரிமை தர அரசின் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. குறைந்தது ஒன்றரை இலட்சம் பேர் இதனால் முன்கூட்டியே தடுப்பூசி பெறத் தகுதி பெற்றனர்.

'பதிவேட்டில் பெயருள்ள' என்னும் சொற்களை நாம் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் பெயர் மட்டுமே அப்பதிவேடுகளில் இருந்ததாக முன்பே கணிக்கப்பட்டிருந்தது. பெயர் இருந்தவர்களை அரசு தேடி அழைத்தது. பெயர் இல்லாதவர்கள் தாமே வந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்கத் தெரியாததுதானே அவர்களின் நிலை!

அதே காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் இணைந்து மற்றொரு வகை ஆய்வைத் தொடங்கின. 2020 டிசம்பர் முதல், அறிவுசார் குறைபாடுடைய அறுநூறுக்கும் மேற்பட்டோரிடம் நேரடியாகவே, அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டறிந்தனர். எளிய சொற்களும் படங்களும் கொண்டு கேட்டால் அவர்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தது. அவர்களைப் பற்றிப் பிறரிடம் கேட்பதே வழக்கமாயிருந்த துறையில் இது மிகச் சிறந்த மாற்றம்.

பெருந்தொற்று தணிந்த பின்னும் கணக்கு முடியவில்லை. 2021ஆம் ஆண்டின் மரணங்களை ஆராய்ந்த லீடர் அறிக்கை, அறிவுசார் குறைபாடுடையோரின் மரணங்களில் 49 விழுக்காடு தவிர்க்கக்கூடியவை என்றது. பொதுமக்களிடத்தில் அது 22 விழுக்காடு. அலட்சியம் கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போய்விடவில்லை.

நம் மரபு என்ன சொல்கிறது?

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் 'அஹ்லிய்யத்' என்னும் பாடத்தைக் கடந்தே வருகிறார். மனிதனின் தகுதியை நம் சட்ட அறிஞர்கள் இரண்டாகப் பிரித்தனர். 'அஹ்லிய்யத்துல் வுஜூப்' என்பது உரிமைகளுக்கு உரியவராகும் தகுதி. 'அஹ்லிய்யத்துல் அதா' என்பது தாமே செயலாற்றும் தகுதி. இரண்டாவது தகுதிக்கு அறிவு நிபந்தனை. முதலாவதற்கு அறிவு நிபந்தனையன்று. மனிதராக இருப்பதே போதும். அது பிறவியிலேயே உண்டு, இறக்கும் வரை நீங்காது. 'மஃதூஹ்' என்று நூல்கள் குறிப்பிடும் அறிவுக் குறைவுடையவர் வியாபார ஒப்பந்தம் செய்வதில் வரம்பு உண்டு. ஆனால் வாரிசுரிமையிலோ, அவருடைய உயிரின் காப்பிலோ எக்குறைவும் இல்லை. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் கருத்திலமைந்த நபிமொழி அவர்களின் கடமைகளையே நீக்கியது; அவர்களின் உரிமைகளைச் சிறிதும் நீக்கவில்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனமும் இதையே போதிக்கிறது. தம் செல்வத்தைத் தாமே நிர்வகிக்க இயலாதோரிடம் அதை ஒப்படைத்துவிட வேண்டாம் எனக் கூறும் இறைவன், அதோடு நிறுத்தவில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், அவர்களிடம் நல்ல சொற்களால் பேசவும் கட்டளையிடுகிறான். உண்ணவும் உடுக்கவும் கொடுத்துவிட்டு ஓர் அறையில் வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடவில்லை, பேச வேண்டும்.

எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி சான்று. அறிவில் ஏதோ கோளாறு இருந்த ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு தேவை உள்ளது என்றார். அண்ணலார் அவரை மரியாதையுடன் அழைத்து, எந்தத் தெருவில் வேண்டுமோ அதை அவரே தேர்ந்துகொள்ளுமாறு கூறி, அங்கே அவருடன் தனித்து நின்று, அவர் தம் தேவையை முழுவதும் சொல்லி முடிக்கும் வரை செவிமடுத்தார்கள். இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை அப்பெண்மணிக்கே அளிக்கப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவதும் பதிவதும் நம் மரபுக்குப் புதியவை அல்ல. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு அண்ணலார் பணித்ததாகவும், எண்ணிக்கை ஆயிரத்து ஐந்நூறாக இருந்ததாகவும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் உதவித்தொகைக்கான 'திவான்' பதிவேடு அமைக்கப்பட்டது. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீஃபா வலீத், தொழுநோயாளர்களுக்கு உதவித்தொகையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரும், பார்வையற்றோருக்கு வழிகாட்டியும் அளித்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவுசெய்கிறார். யார் யாருக்கு வேண்டும் என்ற பட்டியல் இல்லாமல் இவை நடந்திரா. பின்னாளில் 1154இல் டமாஸ்கஸிலும் 1284இல் கெய்ரோவிலும் வக்ஃப் சொத்துகளால் எழுந்த பீமாரிஸ்தான்கள் மனநோயாளரையும் நோயாளியாகவே கண்டு சிகிச்சையளித்தன.

முன்னோரின் பெருமையைப் பேசுவது எளிது. அப்பெருமை நம்மை விசாரிக்கும் சாட்சியாகவும் நிற்கிறது.

நம் பட்டியலில் இல்லாத பெயர்

2020 ஊரடங்கின்போது நம் மிம்பர்களில் ஹிஜ்ரி 18இல் அம்வாஸில் பரவிய கொள்ளைநோய் பற்றிப் பேசினோம். தொற்றுள்ள ஊருக்குள் நுழையாமலும் அங்கிருந்து வெளியேறாமலும் இருக்கும்படி அமைந்த நபிமொழியை எடுத்துரைத்தோம். வீடு வீடாக அரிசியும் பருப்பும் கொடுக்க மஹல்லாவில் பட்டியலும் எழுதினோம். ஒரு வீட்டில் நான்கு பேர் என எழுதிக்கொண்டோம். மறுமாதம் மூட்டையுடன் சென்றபோது கதவைத் திறந்தவர், நாம் ஒருபோதும் கண்டிராத ஐந்தாமவர். முப்பது வயதை நெருங்கிய, டவுன் நோய்க்குறியுடைய அவ்வீட்டின் மூத்த மகன். புன்னகையுடன் ஸலாம் சொல்லி, மூட்டையை அவரே வாங்கி உள்ளே வைத்தார்.

தாயாரிடம் கேட்டோம். "எத்தனை பேருக்கு அரிசி வேணும்னுதானே கேட்டீங்க, ஹஜ்ரத். அவன் எங்க சோத்துலயே சாப்பிட்டுக்குவான்" என்றார். சற்று நேரம் கழித்து, தங்கையின் நிக்காஹ் பேச்சு நடக்கும் வரை வெளியே சொல்ல வேண்டாமென உறவினர்கள் கூறியதையும் சொன்னார்.

அத்தாயைக் குறைகூற நமக்கு வாய் இல்லை. அண்ணன் ஒருவர் இப்படி இருக்கிறார் என்றதும் பெண் கேட்டு வந்தவர்களைத் திரும்பிப் போகச் செய்யும் சமூகம் நாமே. முப்பது ஆண்டுகளாக ஒரே மஹல்லாவில் வாழ்ந்த ஒருவரைப் பள்ளியிலும் காணாமல், மதரஸாவிலும் காணாமல், அவரைப் பற்றி ஒரு முறைகூட வினவாமல் இருந்தவர்களும் நாமே. அவர் அவ்வாண்டு இறந்திருந்தால், நாம் எழுதிய பட்டியலின்படி அவ்வீட்டில் ஒருவரும் குறைந்திருக்க மாட்டார்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதிலும் சுமார் 15 இலட்சம் பேரையே இவ்வகைக் குறைபாடுடையோராகக் கண்டது. எத்தனை வீடுகளில் ஐந்தாமவர் சொல்லப்படாமல் விடப்பட்டாரோ, அல்லாஹ்வே அறிவான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் உள்ளடக்கியது. அதன் எட்டாம் பிரிவு, பேரிடர்க் காலத்தில் இவர்களுக்குச் சமமான பாதுகாப்பை வழங்குவதோடு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவில் வைத்திருக்க வேண்டும் எனவும் கூறுகிறது. குடும்பமே பெயரைச் சொல்லாவிட்டால் அப்பதிவு எவ்வாறு நிறைவு பெறும்?

ஆகவே அன்பான சகோதர சகோதரிகளே, பெருந்தொற்று இல்லாத இந்நாட்களிலேயே சிலவற்றைச் செய்வோம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காத குடும்பங்கள் விண்ணப்பிக்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் மஹல்லாப் பதிவேட்டில், குடும்பத்தின் சம்மதத்துடனும் உரிய மறைவுடனும், இத்தகையோரின் பெயரையும் தேவையையும் குறித்துவைக்கட்டும். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுடையோர் மருத்துவமனைக்குச் செல்லும்போது தம்மைப் பற்றிய சிறு குறிப்பேடு ஒன்றைக் கையில் கொண்டு செல்கின்றனர். வலி எடுத்தால் எவ்வாறு காட்டுவார், எதற்கு அஞ்சுவார், எந்த மருந்து உண்கிறார், யாரை அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். ஒரு தாளில் நாமும் இதை எழுதி வைக்கலாம். தாய் நோயுற்றால் அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இருவரின் பெயரையும் அதில் சேர்க்கலாம். மதரஸா ஆசிரியர்களாகிய நாம், அலிஃப் என்ற ஓர் எழுத்தைக் கற்க ஓராண்டு ஆனாலும் அப்பிள்ளைக்கு ஓர் இருக்கை தருவோம். எழுதுகோல் உயர்த்தப்பட்ட அப்பிள்ளையிடம் கேள்வி இல்லை. அவருக்கு இடம் தராத நம்மிடம் கேள்வி உண்டு.

பலவீனர்களின் பொருட்டாலேயே நமக்கு உதவியும் வாழ்வாதாரமும் அளிக்கப்படுகின்றன என்னும் கருத்தை அண்ணலார் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அவ்வாறெனில் நம் வீட்டு அரிசி அந்த ஐந்தாமவரின் பெயரால் வந்ததாகவும் இருக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் பட்டியல்களில் விடுபட்டோர் உன் ஏட்டில் விடுபடாதவர்கள். அவர்களைத் தேடிச் சென்று நலம் விசாரிக்கும் கண்களையும், அவர்கள் பேசி முடிக்கும் வரை பொறுத்து நிற்கும் கால்களையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக. பெருந்தொற்றில் எவருக்கும் தெரியாமல் மறைந்த எல்லா எளியோர் மீதும் உன் கருணையைப் பொழிவாயாக. ஆமீன்.